மறு: தற்றுணிபா, கணிப்பா?

அன்பின் நண்பர்களுக்கு,

இரண்டு நாள் மடல்பெட்டியைத் திறக்கவில்லை, அதற்குள் பதினெட்டு மடல். பாதிக்கு மேல் பேஸ்போலுக்குத் தமிழ் அடிப்பந்தாட்டமா தளப்பந்தாட்டமா என்ற சண்டை. அதற்குள் நான் வரவில்லை. கொழும்பில் விளையாடுகிற பிள்ளைகள் பேஸ்போல் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என் கவலை நாம் தமிழில் எழுதிய பேஸ்போல் விதிக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. நடுவர் கண்ணால் பார்த்து, மனதுக்குள் எடைபோட்டுச் சொல்லுகிற முடிவு, அதுதான் 'ஜட்ஜ்மென்ட் கோல்' (judgment call), அதற்குத் தமிழில் என்ன?

சட்டத்தரணி அக்கா 'தற்றுணிபுத் தீர்ப்பு' என்று எழுதியிருக்கிறா. நம் நாட்டுச் சட்டத் தமிழில் ஊறிப்போன அழகான சொல்தான். ஆனால் அக்கா, இங்கே அது தவறான பொருளைத் தந்துவிடும் என்று பயப்படுகிறேன். தற்றுணிபு உள்ளவர் ஒன்றைச் செய்யலாம், செய்யாமலும் விடலாம், இரண்டுக்கும் அவருக்கு அதிகாரம் உண்டு. பேஸ்போல் நடுவருக்கு அந்த வசதி இல்லை. அவர் பார்த்ததும் எடைபோட்டதும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அதைத்தான் சொல்ல வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது தியகம பேஸ்போல் மைதானம். போன மாதம் 138 பஸ்ஸில் ஹோமாகம போய், அங்கிருந்து ஓட்டோவில் மைதானத்துக்குப் போனேன். இரண்டு பாடசாலைகளுக்குப் பயிற்சி ஆட்டம். முதலாம் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் (தளம் என்பது ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) ஓட்டக்காரர், ஆட்டமிழந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆட்டம் தொடரும் முன்னரே நடுவர்கள் இருவரும் தொப்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டார்கள். வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன், அடுத்து வரக்கூடிய விதியை ஒருவருக்கொருவர் நினைவூட்டும் சைகை என்று பிறகுதான் விளங்கியது. அடுத்த பந்து நேரே மேலே போனது, தென்னைமர உயரம். அது இறங்கத் தொடங்கும்போதே தளநடுவர் வலது கையை உயர்த்தி விரலால் வானத்தைக் காட்டிக் கத்தினார்: 'இன்பீல்ட் பிளை, அடித்தவர் அவுட்!' பந்து இன்னும் யார் கையிலும் விழவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், "என்ன இது, பிடிக்க முதலே அவுட்டோ?" என்று எழுந்துவிட்டார். எங்கள் கையேட்டை வாசித்துவிட்டு வந்தவர் அவர். நாங்கள் எழுதியதில்தான் பிழை.

அந்த 'இன்பீல்ட் பிளை' விதி ஏன் இருக்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் சொல்லும் தானாக வரும். பந்து உயரே போனால், பிடிபட்டுவிடும் என்று ஓட்டக்காரர்கள் தளத்தை ஒட்டியே நிற்பார்கள். பிடிபட்டால் தொடக்கத் தளத்துக்குத் திரும்ப வேண்டுமே. தந்திரக்காரத் தடுப்பாளர் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டால் கதை மாறும். ஒரு தளத்தில் ஒருவர்தான் நிற்கலாம், அடித்தவர் முதலாம் தளத்துக்கு ஓடுவதால் முன்னால் இருப்பவர்களும் கட்டாயம் நகர வேண்டும். அவர்களோ நின்ற இடத்தில் நிற்கிறார்கள். பந்தை மூன்றாம் தளத்துக்கு எறி, அங்கிருந்து இரண்டாம் தளத்துக்கு எறி, ஒரே அடியில் இரண்டு பேர் காலி.  பேஸ்போலில் இது 1890களிலேயே தடுக்கப்பட்டது. அடித்தவரை உடனே ஆட்டமிழக்கச் செய்துவிட்டால் மற்றவர்களுக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. தங்கள் பொறுப்பில் ஓடலாம், நிற்கலாம்.

முதலிரு தளங்களிலும் ஆள் வேண்டும் (மூன்றிலும் இருந்தாலும் சரி), ஆட்டமிழந்தவர் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், பந்து தட்டையாகப் பறந்ததாகவோ பண்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) முயற்சியாகவோ இருக்கக்கூடாது. இதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிடலாம். எண்ண முடியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது: தளங்களை ஒட்டி நிற்கும் உட்களத் தடுப்பாளர் ஒருவர் அதைச் சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியுமா? பிடித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. வெளிக்களத்தவர் ஓடிவந்து பிடித்தாலும் விதி நிற்கும். பந்து புல்லில் இருந்ததா, தளங்களுக்கு இடையிலான கோட்டுக்கு அப்பால் இருந்ததா என்ற அளவுகோலும் செல்லாது.

2012 ஒக்டோபர் 5 நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் மேஜர் லீக்கில் அட்லாண்டா பிரேவ்ஸும் சென் லூயிஸ் கார்டினல்ஸும் ஆடிய ஒற்றை ஆட்டம், தோற்றால் வீடு. எட்டாவது இன்னிங்ஸில் அட்லாண்டாவின் சிம்மன்ஸ் அடித்த பந்து இடது வெளிக்களத்துக்குள் போய் விழுந்தது. உட்களத்தவரான கொஸ்மா பின்னோக்கி ஓடி, அதன் கீழ் நின்று, கடைசியில் விலகிவிட்டார். இடது பக்கம் நின்ற நடுவர் சாம் ஹோல்புரூக் பந்து விழுவதற்குச் சற்று முன்னர்தான் கையை உயர்த்தினார். மூன்று தளமும் நிரம்பி ஒருவர் மட்டும் அவுட் என்று நிற்க வேண்டிய அணி, இரண்டு பேர் அவுட் என்று நின்றது. போத்தல்கள் மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டம் 19 நிமிடம் நின்றது. அட்லாண்டா முறைப்பாடு கொடுத்தது, அன்றிரவே லீக் நிர்வாகத்தைச் சேர்ந்த ஜோ டொரி அதை நிராகரித்தார். காரணம், அது நடுவர் எடைபோட்டுச் சொன்ன முடிவு. விதியைப் பிழையாகப் பிரயோகித்தால்தான் அப்போது முறைப்பாடு எடுபட்டது. உதாரணமாக, இரண்டு பேர் ஏற்கெனவே ஆட்டமிழந்திருக்க இந்த விதியை அறிவித்திருந்தால் முறைப்பாட்டுக்கு இடம் இருந்திருக்கும். (அந்த லீக்கில் 2020 முதல் முறைப்பாடு என்பதே கிடையாது. அது வேறு கதை.)

ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும். ஒன்று 'விதிப்பிழை'. அதில் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். மற்றதற்கு நான் வைப்பது 'கணிப்புத் தீர்ப்பு'.

கொட்டாஞ்சேனை அண்ணை, நீங்கள் "கணிப்பு என்றால் சாதகம் கணிக்கிற மாதிரி இருக்கே" என்று கேட்பீர்கள் என்று தெரியும், போன மடலிலேயே பாதி கேட்டுவிட்டீர்கள். இருக்கட்டுமே. ஆகாயத்தில் நிற்கிற பந்தைப் பார்த்து, இன்னும் நடக்காததைச் சொல்வதுதானே அந்த நடுவரின் வேலை? கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவும் இதே சாதிதான். காலில் பட்ட பந்து படாமல் போயிருந்தால் எங்கே போயிருக்கும் என்று நடுவர் கணிக்கிறார், விரலைத் தூக்குவதா இல்லையா என்று 'தற்றுணிவதில்லை'. பாடசாலைகளில் கணிப்பீடு என்று நாள்தோறும் புழங்குகிறோம், அங்கே யாரும் சோதிடரைத் தேடுவதில்லை. 'இறுதித் தீர்ப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுவும் வேண்டாம். மேஜர் லீக்கில் 2014இலிருந்து ஒளிப்பதிவைப் பார்த்துப் பல தீர்ப்புகளை மாற்றுகிறார்கள். மாற்றினாலும் அது கணிப்புத்தான், வேறொருவரின் கணிப்பு.

அடுத்தது 'சாதாரண முயற்சி'. இதை 'வழமையான முயற்சி' என்று மாற்றச் சொல்கிறார் வெள்ளவத்தைத் தம்பி. மாற்றக்கூடாது. வழமை என்பது ஆளின் பழக்கம், சோம்பேறிக்கும் ஒரு வழமை உண்டு. விதிநூல் சொல்வது அந்த லீக்கில், அந்த இடத்தில் நிற்கும் நடுத்தரத் திறமையுள்ள ஒருவர், மைதானத்தின் நிலையையும் காலநிலையையும் கணக்கில் எடுத்தபின், செய்யக்கூடிய முயற்சி. தியகமவில் ஒக்டோபர் மாலை மழைக்குப் பிறகு வழுக்குகிற புல்லில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குள்ள அளவுகோலும் ஜப்பான் தொழில்முறை வீரருக்குள்ள அளவுகோலும் ஒன்றல்ல. அந்தந்தத் தரத்துக்கு அந்தந்த அளவு. நமக்கு 'சாதாரண தரம்' என்றாலே பரீட்சை ஞாபகம் வருவது இங்கே உதவிதான், தரம் பார்த்துத்தான் புள்ளி என்று பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

'இன்பீல்ட் பிளை'யை அப்படியே விடுவோம், மைதானத்தில் கத்துகிற சொல்லை நாம் மாற்ற முடியாது. விளக்கத்தில் மட்டும் 'உட்கள உயர்பந்து' என்று ஒருமுறை போட்டால் போதும்.

கையேட்டின் திருத்தப் படி சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்கா, 'கணிப்புத் தீர்ப்பு' உங்களுக்குச் சரியா என்று வெள்ளிக்குள் ஒரு வரி போடுங்கள். அந்தத் தகப்பனிடம் முதல் படியைக் கொடுக்கிறதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.