கலைச்சொல் உதவி: மீத்தேன் அளவு வரம்பைத் தாண்டினால் அதற்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் குப்பைக் கிடங்கு மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் தயாராகிறது, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 'எக்ஸீடன்ஸ்' என்ற ஒரு சொல்தான் பாக்கி. அமெரிக்க விதிப்படி, மண் மூடிய குப்பை மேட்டின் மேல் 30 மீட்டர் இடைவெளி விட்டு வளைந்து வளைந்து நடந்து, கருவியின் முனையைத் தரைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே பிடித்து, குப்பை மக்கும்போது வரும் மீத்தேன் வாயுவைக் காலாண்டுக்கு ஒரு முறை அளக்கிறார்கள். சுற்றுக்காற்றில் இருப்பதைவிட 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கூடுதலாகக் காட்டினால் அந்த இடத்துக்கு அடையாளம் வைத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேல்மண்ணைச் சரிசெய்தோ, பக்கத்தில் வாயுவை உறிஞ்சி எடுக்கும் குழாய்களான வாயுக் கிணறுகளின் உறிஞ்சலை மாற்றியோ, 10 நாளுக்குள் மறுபடி அளக்க வேண்டும். ஒரே காலாண்டில் மூன்று தடவை அப்படிக் காட்டினால் 120 நாளுக்குள் புதுக் கிணறு போட வேண்டும். அப்படிக் கூடுதலாகக் காட்டுவதற்கு 'வரம்பு மீறல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

காரைக்குடி

*

ஐயா, 'மீறல்' வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அதே விதியிலேயே, சொன்ன வேலைகளைச் செய்துவிட்டால் இது விதிமீறல் ஆகாது என்று தனியாக எழுதியிருக்கிறது. தமிழில் மீறல் என்றால் மீறியவன் ஒருவன் வேண்டும். பதிவேட்டுப் பத்தியின் தலையில் 'மீறல்' என்று அச்சடித்துக் கொடுத்தால், 700 காட்டிய இடத்தில் 450 என்று எழுதத்தான் அந்த மனிதருக்குக் கை போகும், ஏனென்றால் அவருக்கு அது மெமோ மாதிரித் தெரியும். அப்புறம் கண்காணிப்பு எங்கே, அமலாக்கம் எங்கே?

தேவகோட்டை

*

தேவகோட்டையார் சொல்வது நியாயம். 'வரம்புமிகை' என்பது என் முன்மொழிவு. வரம்பின் மிகை, ஆறாம் வேற்றுமைத் தொகை. இடையில் ஒற்று மிகாது, சேர்த்தே எழுதலாம். 'மிகைநாடி மிக்க கொளல்' (குறள் 504) என்ற இடத்தில் மிகை என்பது எது கூடுதல் என்ற கணக்கு மட்டும்தான், பழி இல்லை. 'உடம்பும் மிகை' (345) என்ற இடத்திலும் தேவைக்கு மேற்பட்டது என்றே பொருள். அப்படியே அவர் எழுதிய 'அமலாக்கம்' என்பதையும் பாருங்கள், அமல் அரபுச் சொல். ஒறுத்தல் என்று நம்மிடம் பழஞ்சொல்லே இருக்கிறது, 'வேந்தொறுத்தல்' என்கிறது 550.

நாட்டரசன்கோட்டை

*

புலவர் ஐயா, அந்தக் குறளில் ஒறுக்கப்படுபவர் 'கொலையிற் கொடியார்'. குப்பைக் கிடங்கில் குழாய் திருகுகிறவருக்கு அது பொருந்தாது. அமலாக்கம் ஊருக்கே தெரிந்த சொல், அது இருக்கட்டும்.

கோட்டையூர்

*

எல்லாருக்கும் வணக்கம். நம் ஊர்க் கண்மாயில் தண்ணீர் மட்டம் தாண்டினால் கலுங்கு பாய்கிறது என்கிறோம். அதில் யாருக்கும் குற்றம் இல்லை, ஆனால் உடனே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். இந்த 500 பிபிஎம்முக்கும் சரியாக அதே பொருள்தான். 'கலுங்கேற்றம்' என்று வைத்தால் சிவகங்கைச் சீமையில் விளக்கமே தேவைப்படாது.

கானாடுகாத்தான்

*

ஆச்சி, சொல் அருமை. ஆனால் கையேடு சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடிக் கிடங்குகளுக்குப் போனால் அங்கே கலுங்கு என்றால் யாருக்குப் புரியும்? அப்புறம், மீத்தேனுக்கே ஒரு தமிழ்ப் பெயர் வைக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். சதுப்பில் குப்பென்று பற்றுவதைத்தான் பெரியவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். 'கொள்ளிவளி' என்று வைத்தால் என்ன?

புதுவயல்

*

புதுவயல் அண்ணே, இப்போது அது வேண்டாம். மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிடங்கில் நாறுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை. நாற்றம் இல்லையென்றால் வாயுவும் இல்லை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பயிற்சியே. அவர்களிடம் பிசாசுக் கதையோடு போகக் கூடாது.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு விதிகளில், 2000-இலும் 2016-இலும், கிடங்கில் மீத்தேன் அதன் குறைந்தபட்ச வெடிப்பு அளவில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. காற்றில் 5 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் என்பதால் இது 1.25 சதவீதம், அதாவது 12,500 பிபிஎம். இதைத் தாண்டினால் அது மீறலேதான், அங்கே மென்மையான சொல்லுக்கு இடமில்லை. ஆக, இரண்டு சொல் வேண்டும்.

தேவகோட்டை

*

அனைவருக்கும் நன்றி. 12,500-க்கு 'விதிமீறல்', 500-க்கு 'வரம்புமிகை' என்று வைத்து அனுப்புகிறேன். நான்கு பேர் சரி என்கிறீர்கள், ஆச்சி மட்டும் ஒப்பவில்லை. முதல் பக்கத்தில் கண்மாய்க் கலுங்கை விளக்கமாகச் சேர்த்திருக்கிறேன்.

காரைக்குடி

*

சேர்த்தது சரி. ஆனால் மிகை என்ற சொல்லைப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. அந்த மேற்பார்வையாளர் போனில் என்ன சொல்வார்? 'ஐயா, இங்கே கூடக் காட்டுது' என்பார். பத்தியின் தலையில் 'கூடுதல் காட்டிய இடம்' என்றே போட்டிருக்கலாம்.

கானாடுகாத்தான்

*

ஆச்சி சொன்னதை இரண்டாம் பதிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் 'குறைந்தபட்ச வெடிப்பு அளவு' என்ற நீளத் தொடரையும் சுருக்க வேண்டும். 'தாழ்வெடி வரம்பு' என்று தொடங்கிவைக்கிறேன்.

நாட்டரசன்கோட்டை