திருநெல்வேலி மேற்கு புறவழிச்சாலை வரட்டும், ஆனா தண்ணி போற பாதையை முதல்ல பாருங்கன்னு சொல்றது தப்பா?

சுத்தமல்லி சம்சாரி:
இந்த ரோடு எப்ப முடியும் எப்ப முடியும்னு ஆளாளுக்கு கேக்காங்க, அதான் தனியா ஒரு இழை போடுதேன். வெளியூர்ல இருக்கவங்களுக்கு சுருக்கமா சொல்லிருதேன், தாழையூத்துல மதுரை ரோட்டுல இருந்து பிரிஞ்சு ராமையன்பட்டி, பேட்டை, சுத்தமல்லி பக்கமா வந்து ஆத்தைத் தாண்டி கொங்கந்தான்பாறை வரைக்கும் போற ரோடு, 30 கிலோமீட்டருக்கு மேல, மூணு கட்டமா பிரிச்சிருக்கு. ரோடு வேண்டாம்னு நான் சொல்ல வரல. எங்க பிள்ளையளும் டவுணுக்குத்தான் படிக்கப் போவுது.

நான் சொல்லுதது ஒரே விஷயம். தாமிரபரணி மேக்க இருந்து கிழக்க ஓடுது. அரியநாயகிபுரம் அணையில பிரியுற கோடகன் கால், பழவூர் அணையில பிரியுற பாளையங்கால், எங்கூரு அணையில பிரியுற நெல்லை கால், எல்லாமே மேக்க இருந்து கிழக்கதான். இந்த ரோடு வடக்க இருந்து தெக்க போவுது. அப்பம் ஒவ்வொரு வாய்க்காலு, ஓடை, குளம் நெறஞ்சா தண்ணி வழியுற மறுகாலு எல்லாத்தையும் குறுக்க மறிச்சுட்டுதான் போவணும். ஆளுயரத்துக்கு மண்ணைக் கொட்டி ரோடு போட்டா ஊருக்கு மேக்க ஒரு கரை போட்ட மாதிரிதான் ஆவும்.

2023 டிசம்பர் 17 ராத்திரி நான் கண்ணால பாத்தது. எங்க வயக்காட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரோடு, அதுக்கு அடியில ரெண்டே ரெண்டு சிமெண்டு குழாய். வைக்கோல், வாழை மட்டை, உரச்சாக்கு எல்லாம் வந்து குழாய் வாயை அடைச்சிக்கிட்டு. ரோட்டுக்கு மேக்க இடுப்பளவு தண்ணி, கிழக்க கரண்டைக்காலு கூட நனையல. நானும் எங்க மச்சானும் கடப்பாரையை வச்சு விடியவிடிய குத்திப் பாத்தோம், ஒரு குழாய்தான் தொறந்துச்சு. பிசான நெல்லு நட்டு இருபது நாளு, மூணு நாள் தண்ணிக்குள்ள கிடந்து அழுகிப் போச்சு. ரெண்டு குழாய் வச்ச சின்ன ரோட்டுக்கே இந்தப் பாடுன்னா இம்புட்டுப் பெரிய ரோட்டுக்கு என்ன ஆவும்னு கேக்கக் கூடாதா?

பேட்டை லாரிக்காரன்:
அண்ணாச்சி, உங்க பயிரு போனது எனக்கும் வருத்தம்தான், ஆனா நான் 19 வருஷமா வண்டி ஓட்டுதேன், என் பக்கத்தையும் கேளுங்க. தென்காசி பக்கம் இருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போற லோடு இப்பம் எந்த வழி போவுது, பழையபேட்டை, டவுண், ஸ்ரீபுரம், ஈரடுக்கு மேம்பாலம், வண்ணார்பேட்டைன்னு ஊரு நடுவுல புகுந்துதான போவுது. அந்த ஈரடுக்குப் பாலம் எழுபதுகள்ல கட்டுனது, அன்னைக்கு இருந்த வண்டி எத்தனை இன்னைக்கு இருக்க வண்டி எத்தனை.

போன ஐப்பசியில எங்க அம்மைக்கு மூச்சு முட்டல், 108-ல ஏத்திட்டு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். டவுணைத் தாண்டவே அரை மணி நேரம். சைரன் அடிச்சுக்கிட்டே நிக்கி, முன்னால பஸ்ஸு, அதுக்கு முன்னால சிமெண்டு லாரி, ஒதுங்கணும்னு நெனைச்சாலும் அவனுக்கு ஒதுங்க இடம் இல்ல. நானும் ஒரு லாரிக்காரன்தான, அந்த டிரைவர் மேல எனக்குக் கோவமே வரல. ரோடு இல்லாததுமேலதான் கோவம் வந்துச்சு. அம்மை பொழச்சிட்டா.

தண்ணிப் பாதையைப் பாக்கணும், சுற்றுச்சூழல் ஆய்வு பண்ணணும்னு சொன்னா ரெண்டு வருஷம் போவும், கேஸுன்னா இன்னும் நாலு வருஷம். அதுவரைக்கும் டவுண்ல பள்ளிக்கூடப் பிள்ளையள் குடிக்க டீசல் புகை சுற்றுச்சூழல் இல்லையா?

டவுண் டீச்சர்:
லாரிக்கார அண்ணே, நீங்க சொன்ன புகை விஷயத்துல நான் உங்க கட்சி. ஆனா வாகையடி முக்குல சாயங்காலம் நாலரைக்கு நின்னு பாருங்க, அடைச்சுக்கிட்டு நிக்கிறதுல லாரி எத்தனை இருக்கு? டவுண் பஸ், ஸ்கூல் வேன், ஆட்டோ, பைக்கு. இதுல யாருக்கும் ஊரைச் சுத்திப் போக வேண்டிய வேலையே இல்ல, எல்லாரும் ஊருக்குள்ளயே ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போறவங்க. புறவழிச்சாலை வந்தாலும் இவங்க இதே வழியாத்தான் போவாங்க. அதனாலதான் வண்டியை நிறுத்தி எங்க இருந்து வாறீங்க எங்க போறீங்கன்னு கேக்குற கணக்கெடுப்பு முக்கியம்னு சொல்றேன். வெறுமனே எத்தனை வண்டி போச்சுன்னு எண்ணினா மட்டும் பத்தாது. அந்தக் கணக்கை பொதுமக்கள் பாக்குற மாதிரி போட்டாத்தான் எவ்வளவு கூட்டம் வெளிய போகும்னு நமக்கே தெரியும்.

இன்னொன்னு, ரோடு வந்த மறுநாளே ரெண்டு பக்கமும் பிளாட் போட்டு கல்லு நட்டுருவாங்க. வேய்ந்தான்குளத்துல புது பஸ்டாண்டு வந்தப்ப அந்தப் பக்கம் எப்படி மாறுச்சுன்னு பாத்தவங்கதான நாம.

மேலப்பாளையத்தான்:
இவ்வளவு பெரிய ரோடு பேசுறீங்க, முதல்ல குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு ஒரு வழி சொல்லுங்கப்பா. நாகர்கோவில் லைன் இரட்டைப் பாதை ஆயிட்டு, ரயிலு கூடுனா கேட்டு அடைக்கிறதும் கூடத்தான செய்யும். ஒய் வடிவ மேம்பாலம்னு எத்தனை வருஷமா பேச்சு. காலையில எட்டே முக்காலுக்கு அந்த கேட்ல நின்னவனுக்குத்தான் தெரியும் வலி. ரெண்டையும் ஒண்ணா ஒரே திட்டமா பாக்கணும், ஒவ்வொன்னையும் தனித்தனி துண்டா பாக்குறதாலதான் இந்தப் பாடு.

சாலைக்கணக்கு:
ரோடு டிசைன் வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். ரெண்டு பக்கமும் உண்மை இருக்கு, சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லிடுறேன், ஏன்னா ஆய்வுன்னா என்னமோ எல்லா ரோட்டுக்கும் தானா நடக்கும்னு நெனைச்சுப் பேசிட்டிருக்கோம்.

மத்திய அரசோட 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதுக்கு அடிப்படை. அதுல நெடுஞ்சாலைப் பகுதியைப் பாத்தா, புது தேசிய நெடுஞ்சாலைக்கு சுற்றுச்சூழல் அனுமதி வேணும், புது மாநில நெடுஞ்சாலைக்கும் வேணும். இருக்கிற மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துறதுன்னா 1000 மீட்டருக்கு மேல உள்ள மலைப்பகுதியிலயும் சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதியிலயும் மட்டும்தான் வேணும். மாவட்டச் சாலைங்கிற வகை அந்தப் பட்டியல்லயே கிடையாது. அதே அகலம், அதே மண்மேடு, அதே வாய்க்கால், ஆனா பேரு மாவட்டச் சாலைன்னு இருந்தா அந்தக் கதவே தட்ட வேண்டாம். அதனால நாம கேக்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ரோட்டை எந்த வகையில சேத்திருக்காங்க, மூணு கட்டத்தையும் ஒண்ணா பாத்திருக்காங்களா தனித்தனியா பாத்திருக்காங்களா.

அனுமதி வேணும்னா கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. குறைஞ்சது 30 நாள் முன்னாடி அறிவிக்கணும், அறிக்கைச் சுருக்கம் தமிழ்ல கிடைக்கணும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், கலெக்டரோ அவருக்குக் கீழ உள்ள அதிகாரியோ தலைமை தாங்கணும். அங்க யார் என்ன சொன்னாலும் பதிவாகணும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இன்னொன்னு. இந்த ஆய்வுல காத்து, தண்ணி, சத்தம்னு அடிப்படைத் தகவல் எடுப்பாங்க இல்லையா, அதை வழக்கமா ஒரு பருவத்துக்கு எடுப்பாங்க, மழைக்காலம் தவிர்த்த பருவத்துல. சித்திரை வைகாசியில வந்து பாத்தா உங்க ஓடையில என்ன இருக்கும்? கருவேல முள்ளும் ஆட்டுத்தடமும். அதைப் பாத்துட்டு இதுக்கு ஒரு குழாய் போதும்னு வரைபடத்துல எழுதிடுவாங்க. நானே அப்படி வெயில்ல நடந்து போயி அளந்திருக்கேன். ஆத்துமேல கட்டுற பெரிய பாலத்துக்கு நூறு வருஷத்துல ஒருமுறை வர்ற வெள்ளத்தைக் கணக்குல எடுப்போம், சின்ன குழாய்ப் பாலத்துக்கு அந்த அளவு பாக்க மாட்டோம். வெள்ளம் வந்தா பெரிய பாலம் நிக்கும், ஊரை முக்குறது இந்தச் சின்னதுகதான்.

பேட்டை லாரிக்காரன்:
சார் நீங்க சொல்றது புரியுது, ஆனா மழைக்காலத்துலதான் பாக்கணும்னா இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும்ல. அடுத்த ஐப்பசியில மழை சரியா பெய்யலன்னா அதுக்கடுத்த வருஷமா? இப்படித்தான் இழுத்துக்கிட்டே போவுது. வருஷம் போகப் போக கம்பி விலை, ஜல்லி விலை எல்லாம் ஏறுது, கடைசியில காசு பத்தலன்னு பாலத்தைத்தான் சின்னதாக்குவாங்க, அப்ப உங்களுக்கும் நஷ்டம் எங்களுக்கும் நஷ்டம். 1843-ல சுலோசன முதலியார் ஆத்துல பாலம் கட்டினப்ப இந்த ஆய்வெல்லாம் இருந்துச்சா? மக்கள் கஷ்டத்தைப் பாத்தாரு, சொந்தக் காசைப் போட்டாரு, கட்டினாரு. இன்னைக்கும் அதுமேலதான போறோம்.

சுத்தமல்லி சம்சாரி:
தம்பி, நீங்க சொன்ன அதே பாலத்தையே பாப்போம். 11 வளைவு, ஒவ்வொன்னும் 60 அடி. தண்ணி போக எம்புட்டு எடம் விட்டிருக்காவ பாத்தீங்களா. அன்னைக்குச் சட்டம் இல்ல, ஆனா ஆத்தைப் பாத்துக் கட்டினாவ. அதைத்தான் நானும் கேக்கேன்.

காத்திருக்கவே வேண்டாம்னும் சொல்லுதேன். 2023 வெள்ளக்கோடு இன்னும் செவத்துல இருக்கு. எங்க தெருவுல கோயில் மண்டபத் தூணுல செம்மண் கறை என் நெஞ்சுக்கு நிக்கி, வெள்ளை அடிச்ச பெறவும் உள்ள இருந்து தெரியுது. எந்த மறுகால் எந்தப் பக்கம் பாஞ்சுது, எந்தக் குளம் எத்தனை மணிக்கு ஒடைஞ்சுதுன்னு வயலுக்குத் தண்ணி தொறந்து விடுத நீர்ப்பாச்சியக் கேட்டா ஒரே நாள்ல சொல்லிருவாரு. ரோட்டை அளக்க வந்த பிள்ளையள் ஒருத்தரும் அவர்கிட்ட கேக்கல. மெஷினை நட்டு வச்சு அளந்துட்டு, மஞ்சப் பெயிண்டு அடிச்ச கல்லை ஊனிட்டுப் போயிட்டாவ.

சாலைக்கணக்கு:
நீர்ப்பாச்சியைக் கேக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அது என் மனசுல தச்சிருச்சு, நாங்களும் கேட்டதில்ல. கூடவே இன்னொன்னும் இருக்கு, ரேடார் சாட்டிலைட் படம். மேகத்தைத் தாண்டியும் தண்ணி நிக்கிற எடத்தைக் காட்டும், பழைய படமெல்லாம் இலவசமாவே கிடைக்குது. 2023 வெள்ளப் படத்து மேல ரோட்டுக் கோட்டை வரைஞ்சு பாத்தா எங்க பாலம் பெருசாகணும்னு ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். வருஷக்கணக்கா ஆகுற வேலை இல்ல இது. அப்ப பெஞ்சது சாதாரண மழையும் இல்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். பழைய மழைக்கணக்கை வச்சு டிசைன் பண்ணினா இனிமே பத்தாது.

டவுண் டீச்சர்:
ஆனா சார், கல்லு நட்ட பிறகு கருத்து கேட்டா என்ன பிரயோஜனம்? சேலம் எட்டுவழிச்சாலை வழக்குல 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லிச்சு, நிலம் எடுக்க அறிவிக்கை போடுறதுக்கு முன்னாடி சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் இல்ல, வேலை ஆரம்பிக்கும் முன்னாடி வாங்கினா போதும்னு. 2013 நிலச் சட்டத்துல இருக்கிற சமூகத் தாக்க மதிப்பீடும் நம்ம மாநில நெடுஞ்சாலைச் சட்டத்துல எடுக்கிற நிலத்துக்குக் கிடையாது, இழப்பீட்டுக் கணக்கு மட்டும்தான் அதுல இருந்து வருது. அப்ப ரோட்டுக் கோடு எங்க போகணும்னு பேசுற கட்டத்துல ஊரு ஜனத்துக்கு வாயே இல்ல. கோடு முடிவான பிறகு வந்து புகை எவ்வளவு, தூசி எவ்வளவு, வெட்டுற மரத்துக்குப் பத்து கன்னு நடுவோம்னு வாசிப்பாங்க. தென்காசி ரோட்டுல வெட்டுன மரத்துக்கு நெழல் இன்னும் வந்து சேரல, நான் வாரத்துக்கு ரெண்டு நாள் அந்த ரோட்டுல போறவ.

பேட்டை லாரிக்காரன்:
மரம் போனது எனக்கும்தான் வலிக்கு, மத்தியானம் வண்டியை ஓரங்கட்டி ரெண்டு வாய் சோறு திங்க அந்த நெழல்தான் எங்களுக்கு. ஆனா அதே ரோடு அகலமான பெறவு நேருக்கு நேரா மோதுற பயம் குறைஞ்சிருக்குன்னும் நான் சொல்லணும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆலங்குளம் தாண்டி வாற எனக்கு அது பெரிய விஷயம். ரெண்டும் உண்மை டீச்சர்.

சாலைக்கணக்கு சாருக்கு ஒரு கேள்வி. இப்பம் ரோடு போற கோட்டை மாத்தாம, வேலையையும் நிறுத்தாம, குழாய் வச்ச எடத்துல பாலமா மாத்த முடியுமா முடியாதா? முடியும்னா நான் சம்சாரி அண்ணாச்சி கூட நிப்பேன். நிறுத்தணும்னு சொன்னீங்கன்னா நிக்க மாட்டேன், அதை இப்பவே சொல்லிருதேன்.

சாலைக்கணக்கு:
மண் கொட்டுறதுக்கு முன்னாடின்னா முடியும். கொட்டின பிறகுன்னா காசு ரெண்டு மடங்கு, யாரும் தொட மாட்டாங்க. அதனாலதான் அவசரம். தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டி மூணு விஷயம் கேளுங்க, ரோட்டோட வகை, ஒவ்வொரு வாய்க்கால் குறுக்கேயும் வைக்கப் போற பாலத்தோட அளவு, அந்த அளவுக்கு எடுத்த வெள்ளக் கணக்கு. 30 நாளுக்குள்ள பதில் தரணும். பதில் வரட்டும், நான் உக்காந்து சரிபாத்துத் தாரேன், காசு ஒண்ணும் வேண்டாம்.

மேலப்பாளையத்தான்:
மனுவுல தெக்குப் பக்கத்தையும் சேருங்க. பாளையங்கால் எங்க வழியா வருது, பச்சையாறு தருவைகிட்ட வந்து ஆத்துல சேருது. அங்கன தண்ணி மேல ஏறுனா எங்க தெருவுக்குத்தான் முதல்ல வரும். கேட்டு விஷயத்தை நான் விடல, அது தனி.

சுத்தமல்லி சம்சாரி:
மனுவ நான் எழுதுதேன், டீச்சர் பாத்து திருத்திக் குடுங்க. லாரிக்காரத் தம்பி, நீங்க ஒருநாள் நேர்ல வந்து அந்தக் குழாயைப் பாக்கணும், பாத்துட்டுச் சொல்லுங்க.

பேட்டை லாரிக்காரன்:
ஞாயித்துக்கிழமை லோடு இல்ல. சுத்தமல்லி விலக்குல காலையில ஆறரைக்கு நிக்கேன். கையெழுத்து போடுதது பாத்த பெறவுதான்.

சுத்தமல்லி சம்சாரி:
சரி. வரப்புல நடக்கணும், செருப்பு வழுக்கும், கழட்டிப் போட்டுட்டு வாங்க. நீர்ப்பாச்சியையும் வரச் சொல்லுதேன்.