அவசரம்: லவ் பேர்ட்ஸ் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

கூண்டுவாசல் (காலை 8.12)
காலையில் நன்றாகக் கத்திக்கொண்டிருந்த இரண்டும் இப்போது கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறது. தீனி மாற்றவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்? உடனே சொல்லுங்கள்.

தினைக்கதிர் (8.15)
எந்த ஊர்? கூண்டு எங்கே இருக்கிறது? கொசுவர்த்தி, சாம்பிராணி, ஸ்பிரே ஏதாவது?

மாடிக்குருவி (8.16)
சளிதான். பனிக்காற்று பட்டிருக்கும். வெந்நீரில் மஞ்சள் கலந்து இரண்டு சொட்டு வாயில் விடுங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான்.

தினைக்கதிர் (8.17)
வாயில் எதையும் விடாதீர்கள்! மூச்சுத் திணறும்போது சொட்டு மூச்சுக்குழாயில் போனால் அத்தோடு முடிந்தது.

பழைய_கை (8.19)
முதலில் என்ன பறவை என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். கடைக்காரர் லவ் பேர்ட்ஸ் என்று கொடுப்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளி. அது ஆஸ்திரேலியா, நிஜ லவ்பேர்ட் ஆப்பிரிக்கா. இங்கே நூறு முறை எழுதியாகிவிட்டது.

கூண்டுவாசல் (8.21)
பட்ஜிதான் சார். நீலம் ஒன்று, பச்சை ஒன்று. சென்னை. கூண்டு ஹாலில், சமையலறை வாசலுக்கு நேரே. சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும். வேறு ஒன்றும் இல்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன், கல் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தினைக்கதிர் (8.21)
நான்ஸ்டிக் கல்லா?

கூண்டுவாசல் (8.22)
ஆமாம். ஆனால் புகையே வரவில்லையே?

தினைக்கதிர் (8.24)
புகை தெரிய வேண்டியதில்லை. அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கி, விஷ வாயுவை விடும். வெறும் கல் பெரிய தீயில் சில நிமிடத்தில் அதைத் தாண்டிவிடும். பறவைக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரலில் காற்று ஓடுகிறது. நமக்கு ஒன்றும் தெரியாத அளவே அதற்கு விஷம். கூண்டை இப்போதே பால்கனிக்குக் கொண்டுபோங்கள், வெயில் நேராகப் படாமல். அப்புறம் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். ஆக்சிஜன் வைக்க வேண்டும். வீட்டில் கொடுக்க மருந்து கிடையாது.

பழைய_கை (8.27)
பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரி என்ற சிறு பறவையைக் கூண்டோடு கொண்டுபோனது எதற்கு என்று நினைத்தீர்கள்? விஷ வாயு வந்தால் மனிதனுக்கு முன் அது விழும் என்றுதான். அடுப்புக்கு நேரே கூண்டு!

மாடிக்குருவி (8.31)
சும்மா பயமுறுத்தாதீர்கள். எங்கள் பச்சைக்கிளி பத்து வருஷமாகச் சமையலறையில்தான் இருக்கிறது.

பழைய_கை (8.33)
பச்சைக்கிளியா? 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். தெரியுமா?

மாடிக்குருவி (8.36)
கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு அது. காக்கைக்குப் போட்டிருக்க வேண்டுமா?

பழைய_கை (8.40)
வனத்துறையிடம் கொடுத்திருக்க வேண்டும்.

தினைக்கதிர் (8.41)
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கூண்டுவாசல், கிளம்பிவிட்டீர்களா?

மாடிக்குருவி (8.52)
பத்து வருஷம் வளர்த்ததை யாரிடமும் கொடுக்க முடியாது.

கூண்டுவாசல் (மறுநாள் இரவு 9.40)
நீலம் ஆட்டோவிலேயே போய்விட்டது. பச்சை கம்பியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இன்னும் கத்தவில்லை. அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டாயிற்று. அம்மா பரணிலிருந்து இரும்புக் கல்லை இறக்கியிருக்கிறார்.

தினைக்கதிர் (9.44)
வருத்தமாக இருக்கிறது. இரும்புக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்கும்போது வரும் புகையும் அதற்கு ஆகாது. பழக்கி முடிக்கும்வரை பச்சை அடுத்த வீட்டில் இருக்கட்டும்.