24 அங்குல சைக்கிளும் எட்டாத கால்களும்: உங்கள் அனுபவம்?

வாய்க்கால்கரை:
தாத்தாவின் 24 அங்குல பிரேம் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தோம். தாத்தா ஐந்தடி இரண்டங்குலம். சீட் பிரேமோடு ஒட்டிக் கிடக்கிறது, இதற்குமேல் இறங்காது. தோலின் நடுப்பகுதி இன்னும் பளபளக்கிறது, இரண்டு ஓரங்களும் மட்டும் தேய்ந்து வெடித்திருக்கின்றன. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பைச் சரித்தால்தான் பெடல் கீழே போகும்போது கால் எட்டியிருக்கும். பால்கேனைக் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். அந்த ஓரங்களைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. என் மகன் ஐந்தடி பதினொன்று. அவன் ஏறினால் வளைவில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது.

ஆறரை அங்குலம்:
பிரேமை மட்டும் குறை சொல்லாதீர்கள். 22 அங்குலமும் கிடைத்தது, மூட்டை ஏற்றுகிறவர்கள் 24-ஐக் கேட்டு வாங்கினார்கள். ஆள் உயரத்துக்கேற்ப மாறாதது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் அதே ஆறரை அங்குலம், அதாவது 165 மி.மீ. எல்லாம் ஆங்கிலேய அளவு. 1949-இல் சென்னையில் பிரிட்டன் கூட்டோடு சைக்கிள் தொழிற்சாலை வந்தபோதும் அந்த அளவுகள்தான் தொடர்ந்தன. நாம் குரங்குப் பெடல் போட்டது வேறு எதனால்? என் அக்கா பாருக்குக் கீழே காலை விட்டு ஓட்டியபோது பாவாடை செயினில் சிக்கியது. பல்சக்கரத்தின் கறுப்பு மசி தையல் போட்டதுபோல் வரிசையாகப் பதிந்துவிட்டது. அம்மா எவ்வளவு துவைத்தும் போகவில்லை.

தொலைதூரம்:
கிராங்கைக் குறைத்தால் மட்டும் தீராது. பெரிய சக்கரத்தோடு பிரேமைச் சுருக்கினால், திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் உரசும். ஜார்ஜினா டெர்ரி 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனத்தின் சைக்கிள் ஒன்றை அங்கே பார்த்தேன். பின்னால் 700சி என்ற பெரிய சக்கரம், முன்னால் 24 அங்குலச் சிறிய சக்கரம். ஓட்டிய பெண்மணி ஐந்தடிகூட இருக்கமாட்டார். தெருமுனையில் அவர் ஹேண்டிலை ஒடித்தபோது ஷூ முனைக்கும் டயருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. உடம்புக்காகச் சக்கரத்தையே மாற்றியிருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

பழையஇரும்பு:
வாய்க்கால்கரை அவர்களுக்கு: என் நண்பர் சீட் குழாயை அளவுக்குமீறி உயர்த்தி, மேட்டில் எழுந்து மிதித்து உட்கார்ந்தபோது குழாய் வளைந்தது. மகனுக்காக உயர்த்துவதானால் குறைந்தது இரண்டரை அங்குலமாவது பிரேமுக்குள் இருக்கட்டும். போதாவிட்டால் நீளமான குழாய் வாங்குங்கள். ஹேண்டிலையும் உயர்த்தினால் முழங்கால் இடிப்பது குறையும். மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துத் தட்டினால்தான் உள்ளே இறுகிய ஆப்பு விடும். கம்பி பிரேக் வண்டி என்றால் ஹேண்டிலோடு கம்பிகளும் மேலே இழுபட்டு பிரேக் ரிம்மைப் பிடிக்கும். இணைப்பு நட்டுகளைத் தளர்த்தி, கம்பி நீளத்தைச் சரிசெய்து, வண்டியைத் தள்ளிப் பார்த்த பிறகே அவனை ஏறச் சொல்லுங்கள்.