இடைநிலையா, உள்ளொட்டா?

வணக்கம் ஐயா,

சொல்லுக்குள் புகும் ஒட்டையும் 'இடைநிலை' என்றே சொல்லலாம், நன்னூல் தந்த சொல் இருக்கப் புதிது எதற்கு என்று நேற்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

'நடந்தான்' என்பதில் காலங்காட்டும் தகரம் 'நட'வைத் தாண்டித்தான் நிற்கிறது. பகுதி, அதாவது அடிச்சொல், உடையவில்லை. இங்கே சிங்கப்பூரில் தினமும் காதில் விழும் மலாயைப் பாருங்கள். 'துன்ஜுக்' என்றால் சுட்டிக்காட்டு, 'தெலுன்ஜுக்' ஆள்காட்டி விரல். முதல் தகரத்தை அடுத்து 'எல்' நுழைந்து பகுதியையே பிளந்துவிட்டது. மலாயில் இதற்கு 'சிசிப்பான்' என்று பெயர், அதாவது செருகல். நமக்கு 'உள்ளொட்டு' பொருந்தும். முன்னொட்டு, பின்னொட்டோடு வரிசையாகவும் வருகிறது.

சரி, சிக்கல் அடுத்ததில்தான். பேராக், கிளந்தான் மலைகளில் வாழும் பழங்குடியினரின் தெமியார் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது, மலாய்க்கு உறவில்லை. பள்ளியும் வேலையும் மலாயில் நடப்பதால் நெருக்கடியில் இருக்கிறது. சிங்கப்பூரில் நெடுங்காலம் கற்பித்த மானிடவியலாளர் ஜெஃப்ரி பெஞ்சமின் 1960களிலேயே அம்மக்களோடு தங்கி, பின்னர் அதன் இலக்கணத்தை எழுதினார். அதில் 'ஸ்லொக்' என்றால் படுத்தல். படுத்துக்கொண்டே இருப்பதைச் சொல்ல 'ஸெக்லொக்'. கடைசி மெய்யின் நகலொன்று முன்னே ஓடிவந்து ஸகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது! எகரம் உச்சரிக்க வசதியாக வருவதுதான். 'கோவ்' (கூப்பிடு) போன்ற சொல்லில் முதல் மெய்யின் நகலும் கூடவே சேர்ந்து 'கெவ்கோவ்' ஆகும். எத்தனை தடவை சொல்லிப்பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

இதை 'இரட்டிப்பு' என்று மட்டும் சொன்னால் 'சலசல' போல முழுதும் இரட்டிப்பதாக மாணவர் நினைப்பார். 'இடைநிலை' என்றால், சொல்லைப் பிரித்தெழுதும்போது சிறுகோடு போட்டுவிடுவார். சொற்களைப் பிரித்துக் காட்ட மொழியியலாளர் பின்பற்றும் லைப்சிக் விதிகளின்படி உள்ளொட்டுக்குக் கோண அடைப்பு, இரட்டிப்புக்கு அலைக்கோடு. குறி மாறினால், பேசுவோர் குறைந்த பிறகு அந்தப் பதிவைப் படிப்பவருக்குச் சொல்லின் அமைப்பே தவறாகப் போய்ச்சேரும்.

ஆகவே என் பரிந்துரை 'நகல் உள்ளொட்டு'. 'நகல்' அரபியிலிருந்து வந்தது என்று மறுப்பு வரும், தெரியும். 'படி' போட்டுப் பார்த்தேன். 'படியுள்ளொட்டு' என்றதும் மாடிப்படியும் படிப்பும் நினைவுக்கு வருகின்றன. 'ஈற்றுமெய் உள்ளொட்டு' என்றால் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது, நகல் என்பது தெரியவில்லை. இரண்டையும் காட்டும் தமிழ்ச்சொல் உங்களிடம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா, அதன் பிறகுதான் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பேன்.