1/6 சாப்வித் கேமல்: மெதுவாகத் திரும்பும்போது உள்பக்க இறக்கை விழுகிறது

ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) பைப்ளேன், அதாவது ஈரடுக்கு இறக்கை விமானம், கட்டிப் பறக்கவிடுகிறவர்கள் உதவ வேண்டும்.

1917-ல் பிரிட்டன் களமிறக்கிய போர் விமானமான சாப்வித் கேமலின் 1/6 மாடல். பால்சா உடல், பிரஷ்லெஸ் மோட்டார், இறக்கை நீளம் 1.42 மீட்டர், எடை 2.6 கிலோ. அசலில் உள்ளபடியே மேல் இறக்கை நேராக, கீழ் இறக்கைக்கு 5 டிகிரி டைஹீட்ரல் (நுனி மேல்நோக்கிய சாய்வு), இரண்டு இறக்கையிலும் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பின்விளிம்பு மடல்).

முழு வேகத்தில் அருமையாகப் பறக்கிறது. தரையிறக்க த்ராட்டிலைக் குறைத்துத் திருப்பினால் மூக்கு முதலில் வெளிப்பக்கம் இழுக்கிறது, அடுத்த நொடியே உள்பக்க இறக்கை பொத்தென்று சரிகிறது. போன மாதம் கவரிங் ஃபிலிம் மாற்றியதிலிருந்துதான் இப்படி. பறக்கவிடுவது திறந்த தரிசு நிலத்தில், காற்றில்லாத காலையில்.

அசல் கேமலில் சுழலும் இன்ஜினின் கைரோ விளைவால் வலப்பக்கம் திரும்பினால் மூக்கு தாழும், இடப்பக்கம் திரும்பினால் எழும். இங்கே இரு பக்கமும் ஒரே மாதிரி சரிவதால் அது காரணமில்லை.

மூக்கில் 180 கிராம் ஈயம் வைத்து, சிஜியை (எடை மையத்தை) மேல் இறக்கை முன்விளிம்பிலிருந்து 85 மிமீக்குக் கொண்டுவந்தாயிற்று. குட்டை மூக்கு, வேறு வழியில்லை. எய்லரான் மேலே எழுவது 2 பங்கு, கீழே இறங்குவது 1 பங்கு. எய்லரானோடு ரட்டரும் (வால் சுக்கான்) சேர்ந்து திரும்பும் மிக்ஸ் 30 சதவீதம். மூக்கு இழுப்பது குறைந்தது, சரிவது குறையவில்லை. இன்சிடென்ஸ் மீட்டர் (இறக்கையின் கோணத்தை அளக்கும் கருவி) வைத்தால் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோணம். ஃபிலிம் சுருங்கி, இருந்த வாஷ்அவுட்டை (நுனியில் கோணம் குறையும்படியான முறுக்கை) இழுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இறக்கைகளை இழுத்துக் கட்டும் ரிக்கிங் கம்பிகளின் டர்ன்பக்கிளை (முறுக்கித் இறுக்கும் திருகை) திருகி, நுனியில் பின்விளிம்பை 2 டிகிரி தூக்கப்போகிறேன். இதை இரண்டு இறக்கைக்கும் கொடுப்பதா, மேல் இறக்கைக்கு மட்டுமா?