‘பை ஹூக் ஆர் பை க்ரூக்’: கடலில் பிறந்ததா, காட்டில் பிறந்ததா?

கடலோடி:
எப்பாடுபட்டாவது ஒன்றை அடைந்தே தீருவேன் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பை ஹூக் ஆர் பை க்ரூக்’ என்கிறார்கள். அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டு துறைமுக வாயிலின் ஒரு பக்கம் ஹூக் முனை, எதிர்க்கரையில் க்ரூக் என்ற ஊர். 1649-ல் படையெடுத்து வந்த ஆங்கிலேயத் தளபதி குரோம்வெல், ‘ஹூக் வழியாகவோ க்ரூக் வழியாகவோ வாட்டர்ஃபோர்டைப் பிடிப்பேன்’ என்றாராம். தொடர் அங்கே பிறந்ததுதான்.

மரக்கிளை:
கதை நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. ஆங்கிலேயச் சமயச் சீர்திருத்தவாதி ஜான் விக்ளிஃப் எழுத்துகளில் 1380 வாக்கிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. குரோம்வெல் பிறந்ததே 1599-ல்.

இது காட்டு வழக்கு. இடைக்கால இங்கிலாந்தில் பிரபுவின் காட்டில் ஏழைகள் மரம் வெட்டக் கூடாது. அரிவாளுக்கும் இடையனின் தொரட்டிக்கும் எட்டுகிற காய்ந்த கிளைகளை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். அந்த அரிவாள்தான் ஹூக், தொரட்டிதான் க்ரூக்.

கடலோடி:
சரி, குரோம்வெல்லை விடுங்கள். 1170-ல் வாட்டர்ஃபோர்டைப் பிடித்த நார்மன் பிரபு ஸ்ட்ராங்போ சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அது விக்ளிஃபுக்கு இருநூறு வருஷம் முந்தியது. உங்கள் விறகுக்கு என்ன ஆதாரம்?

மரக்கிளை:
இங்கிலாந்தின் கார்ன்வாலில் பாட்மின் ஊர் ஆவணம், 1525. டின்மர் காடு ஊராருக்கு எப்போதும் திறந்தே இருந்தது, ஹூக், க்ரூக் கொண்டு எடுக்கும் விறகை முதுகில் சுமந்து போகலாம் என்கிறது.

கடலோடி:
அது விக்ளிஃபுக்கு 140 வருஷம் பிந்தியதாயிற்றே! ஏற்கெனவே புழங்கிய தொடரை ஊர்க்கணக்கர் எழுதிவைத்திருக்கலாம்.

தமிழினி:
இருவருமே பொருளைக் கவனிக்கவில்லை. விக்ளிஃப் அங்கே சாடுவது, சடங்குகளைக் காசுக்கு விற்று, மக்களை எப்படியாவது வாங்க வைக்கும் குருமார்களை. ஏழையின் நியாயமான விறகுரிமை அந்த இடத்தில் எங்கே இருக்கிறது? நல்வழியோ குறுக்குவழியோ என்ற வாடை முதலிலிருந்தே இதில் வீசுகிறது.

மரக்கிளை:
பொருளில் உங்களோடு ஒத்துப்போகிறேன் தமிழினி. ஆங்கிலக் கவிஞர் ஜான் கோவர் 1390-ல் எழுதியதும் அப்படித்தான்: பொய்ச்சாட்சியும் பொய்ச்சத்தியமும் பேராசைக்கு ஆதாயம் தேடித்தரும் இடம். ஆனால் கடலோடி அண்ணே, அவர் அங்கே ‘ஹூக்’ என்று எழுதவில்லை, ‘ஹெப்’ என்று எழுதுகிறார். அது கிளை கழிக்கும் அரிவாள். ஊர்ப்பெயராக இருந்தால் இப்படி மாற்றி எழுத முடியுமா?

கடலோடி:
கருவி என்பது வரை சரி. விறகு உரிமை என்பதற்கு விக்ளிஃபுக்கு முந்தைய ஏடு ஒன்று காட்டுங்கள், அதையும் ஏற்கிறேன்.